பிழைப் பக்கத்தில் பதினோரு வரிகள்

ப்ரூஃப் சாருக்கு மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தாக வேண்டும். அது அவருடைய மகள் எழுதுவது. முதல் வாரத்தில் வந்துவிட்டால் அந்த மாதம் முழுக்க மனிதர் கலகலப்பாக இருப்பார். தள்ளிப்போனால் தபால்காரரின் சைக்கிள் மணி எங்கே கேட்டாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நிற்பார். வேறு எதற்கும் அவர் அப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. முதலாளி வந்தால்கூட உட்கார்ந்தபடியேதான் வணக்கம் சொல்வார்.

எங்கள் அச்சகத்தில் அவர் மேசை, எழுத்துக் கோக்கிற அறைக்கும் நாங்கள் தாள் மடிக்கிற அறைக்கும் நடுவில், ஜன்னலோரமாக இருந்தது. கோத்து முடித்த பக்கத்தை ஒரு தாளில் ஒற்றி எடுத்து அவர் முன்னால் வைப்பார்கள். அவர் சிவப்பு மையில் பிழைகளைக் குறித்து அனுப்புவார். திருத்தி மறுபடி ஒற்றிக் கொண்டுவருவார்கள். பிழையில்லாத தாள் வந்து, அதன் மூலையில் அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் ஓடும். போன தாள் திரும்பி வர வேண்டும், வருகிற தாள் சுத்தமாக வர வேண்டும். இருபத்தாறு வருடம் அவருக்கு அதுதான் உலகம்.

மேசைக்கு வெளியேயும் அவர் கை சும்மா இருக்காது. பலகாரம் சுற்றிவந்த தாள், மருந்துச் சீட்டு, சுவரில் தொங்கும் காலண்டர், எதுவானாலும் கண்ணில் பிழை பட்டால் பேனாவைத் திறந்துவிடுவார். மெஷின் ஓட்டுகிற அண்ணன் சொல்வார்: “அவரு வீட்டு நாய் குரைச்சாக்கூட எங்கயோ ஒற்று விட்டுப்போச்சுன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் பாப்பாரு.” ப்ரூஃப் சாரும் கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமைதான் இருக்கும்.

மனைவி இறந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அச்சகத்துக்கு வந்துவிடுவாள். அவர் மேசைக்கு அடியில் பழைய தாள்களை விரித்து உட்கார்ந்துகொள்வாள். அவளை அடக்கி உட்கார வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: துண்டுத் தாளில் வேண்டுமென்றே பிழையோடு நாலு வரி எழுதிக் கீழே நீட்டுவார். அவள் சிவப்புப் பென்சிலால் குறித்து மேலே நீட்டுவாள். எல்லாவற்றையும் கண்டுபிடித்திருந்தால் பெரிய சரி போட்டுத் தருவார். அந்தத் துண்டுத் தாள்களை அவள் புத்தகப் பையில் சேர்த்து வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா மிட்டாய் வாங்கி வருவார். இவளுக்குப் பிழை எழுதித் தந்தார்.

திருத்தக் குறிகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. சரியாக இருந்த சொல்லைத் தவறி அடித்துவிட்டால், அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். இதைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பசைக் கிண்ணத்தைத் தாள் கட்டின் மேல் கவிழ்த்துவிட்டேன். முதலாளி கத்திக்கொண்டே வந்தார். எனக்கு வாயே திறக்கவில்லை. எப்போதும் திறக்காது. மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பெண் ஓடி வந்து, என் கையைப் பிடித்துப் புறங்கையில் சிவப்புப் பென்சிலால் ஐந்து புள்ளி வைத்தாள். “புள்ளி வச்சாச்சு, இனிமே அக்காவைத் திட்டக் கூடாது” என்றாள். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்திரண்டு வயதில் அவள் வெளிநாடு போனாள். முதியவர்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது. போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதமே ஆங்கிலத்தில் இருந்தது. கடைசி இரண்டு வரி மட்டும் தமிழ். ப்ரூஃப் சார் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்: “அப்பா, நான் பேசுவதைக் கேட்டு இங்கே சிரிக்கிறார்கள். இனிமேல் உங்களுக்கு இங்கிலீஷில்தான் எழுதுவேன், தப்பைத் திருத்தி அனுப்புங்கள்.”

அவள் கேட்டதுதான் அது. அதை நான் மறைக்கக் கூடாது.

அன்று மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் திருத்தினார். நான் நோட்டு அட்டை போக மிச்சமான தாளில் ஓர் உறை ஒட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் தபால் பெட்டி இருந்ததால் போடுகிற வேலையும் என்னுடையதாயிற்று. அவள் கடிதமே சிவப்புக் குறிகளோடு அவளுக்குத் திரும்பிப் போனது. கூடவே அவர் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம்.

கடிதம் வருகிற நாளில் அவர் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்வார். அப்படித்தான் எங்களுக்கு அந்த வினைச்சொற்கள் எல்லாம் பழக்கமாயின.

“பாருங்க, ‘கூட இருக்குற பொண்ணு அவ குளிர் கோட்டை எனக்குப் பாரோ பண்ணா’ன்னு எழுதியிருக்கா. பாரோன்னா நாம இரவல் வாங்குறது. அடுத்தவங்க இரவல் குடுத்தா அது லெண்ட்.”

மெஷின் அண்ணன் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “குடுத்தாலும் வாங்கினாலும் கோட்டு ஒண்ணுதானே சார்?”

“கோட்டு ஒண்ணுதான்யா. கை வேற.”

“அதுக்குள்ள கோட்டு கிழிஞ்சிரும்.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ரைஸ் என்றால் தானாக எழுவது, ரெய்ஸ் என்றால் வேறொன்றை எழுப்புவது, உயர்த்துவது. ரிமெம்பர் என்றால் நாம் நினைத்துக்கொள்வது, ரிமைண்ட் என்றால் நமக்கு நினைவூட்டுவது. ஹியர் என்றால் காதில் விழுவது, லிசன் என்றால் காது கொடுத்துக் கேட்பது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கே இதெல்லாம் புரிந்தது என்றால் அவர் எவ்வளவு நன்றாகச் சொல்லியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் ஒரு கடிதம் வந்தது. நாலு நாள் காய்ச்சலில் படுக்கையில் கிடந்தேன் என்று எழுதியிருந்தாள். லை என்று வர வேண்டிய இடத்தில் லே போட்டிருந்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “லைன்னா கிடக்குறது. லேன்னா ஒண்ணைக் கொண்டுபோய்க் கிடத்துறது. கோழி முட்டை இடுறதும் லேதான்.” ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: “நாலு நாளில் எத்தனை முட்டை?”

அவர் மனதில் அது மேசைக்கு அடியில் நீட்டிய துண்டுத் தாள்தான். அவள் படித்துவிட்டுச் சிரிப்பாள் என்றே நினைத்தார். நான் உறை ஒட்டினேன். தபாலில் போட்டேன்.

எனக்குத் தாளின் கனம் கையிலேயே தெரியும். நூறு தாள் எடு என்றால் எண்ணாமல் எடுப்பேன், இரண்டு கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். தபால்காரர் அவள் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிற நாட்களில் என் கை பார்த்தது. முதல் வருடம் நாலு தாள் இருந்தது. பிறகு மூன்று. காய்ச்சல் கடிதத்துக்கு அப்புறம் ஒன்று. அப்புறம் அரைத் தாள். உள்ளே போகிற விளக்கம் மட்டும் தடித்துக்கொண்டே வந்தது. அவரிடம் சொல்லலாமா என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. அவரிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்ல நான் யார் என்று விழுங்கிக்கொண்டேன். அவருக்கு வேறு விதமாகத்தான் பட்டது. “பிழை குறைஞ்சிக்கிட்டே வருது பாத்தீங்களா?” என்றார். அரைத் தாளில் எவ்வளவு பிழை இருக்க முடியும்.

திருத்தி அனுப்புவதற்கு முன் அவளுடைய பிழை வாக்கியங்களை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். அந்த நோட்டு ஒரு நாள் முதலாளி கண்ணில் பட்டது. புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை அப்படியே புத்தகமா போட்டா என்ன? இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைங்க அள்ளிக்கிட்டுப் போகும்” என்றார். ப்ரூஃப் சாருக்குக் கால் தரையில் படவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் புத்தகத்தைத் திருத்தியவர். அவர் பெயர் ஓர் அட்டையில் வரப்போகிறது.

குழப்பும் இரட்டை வினைகள் என்று தலைப்பு வைத்தார். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரி, இரண்டுக்கும் கீழே சிறிய எழுத்தில் தமிழ் அர்த்தம். பெரும்பாலான வாக்கியங்கள் அவரே யோசித்து எழுதியவை. பதினோரு வாக்கியம் மட்டும் மகளுடையவை. இயற்கையாக விழுந்த பிழைக்கு எதுவும் ஈடாகாது என்று அவற்றை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் போட்டார்.

தாள்கள் மடிக்க என்னிடம் வந்தன. மடிக்கும்போது நான் படிப்பதில்லை, கை வேகம் கெட்டுவிடும். அன்று ஏனோ இடப்பக்கம் மட்டும் கண் போயிற்று. பிள்ளை எழுதியவை எங்கெங்கே இருந்தனவோ, அவற்றின் தமிழ் அர்த்தங்களை மட்டும் வரிசையாகப் படித்தேன்.

நான் தினமும் நாலு மணிக்கு எழுகிறேன். கூட இருக்கும் பெண் தன் கோட்டை எனக்கு இரவல் தந்தாள். மூன்றாம் அறையில் இருக்கும் அம்மாள் எனக்கு அம்மாவை நினைவூட்டுகிறார். நாலு நாள் காய்ச்சலில் படுக்கையில் கிடந்தேன். மூன்றாம் அறை அம்மாள் போன பிறகு என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரோரம் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் இங்கே இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு கடிதமாக அவர் சத்தம் போட்டுப் படித்தபோது நான் கேட்டவைதான். அப்போது நடுவில் சிரிப்பு இருந்தது, விளக்கம் இருந்தது, ஒரு மாத இடைவெளி இருந்தது. இப்போது ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். நானாக அவரிடம் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சார், பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையாயிடுச்சா?”

அவருக்குப் புரியவில்லை. “எந்தப் பிள்ளைக்கும்மா?”

நான் வரியில் விரல் வைத்துக் காட்டினேன்.

“இதா? இது உதாரணம்மா” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அது போன வருஷம் வந்த காய்ச்சல். தேவலையாத்தான் இருக்கும். அப்புறமும் கடிதம் வந்துச்சே.”

“ஆமா சார்.”

“நான் கேக்கலையோ?” என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்து மடிக்க ஆரம்பித்தேன். அவர் அன்று மாலை வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அச்சாகிவிட்டது, ஆயிரம் பிரதி. அவர் கையெழுத்து விழுந்த பக்கம். மறுநாள் புத்தகம் தைத்து, அட்டை போட்டு, ஓரம் வெட்டி வந்ததும் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. முதல் பிரதியில் ‘உன்னால் உண்டான புத்தகம், அப்பா’ என்று எழுதி என்னிடம் கொடுத்தார். தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் போய்விட்டார், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள், “குடுக்கப் போறீங்களா, இல்ல கையிலயே வச்சிருக்கப் போறீங்களா?” என்று கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த மாதம் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் அவர் தபால்காரரை வாசலிலேயே போய்ப் பிடித்தார். “நான் என்ன சார் மறைச்சா வச்சிருக்கேன்?” என்று தபால்காரர் பையைத் திறந்தே காட்டினார். மெஷின் அண்ணன் அப்போதெல்லாம் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார்.

நாலாம் மாதம் ஒரு பொட்டலம் வந்தது. என் மேசையில்தான் கட்டு அவிழ்க்கக் கத்தி இருக்கும், அதனால் அங்கேயே கொண்டுவந்து பிரித்தார். அதே புத்தகம். உள்ளே கடிதம் இல்லை, மேலே அனுப்பியவர் விலாசமும் இல்லை. உதறிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

இடப்பக்கத்தில், அவளுடைய வாக்கியங்களுக்குக் கீழே சிவப்பு மையில் புள்ளிகள். இரவல் கோட்டுக்குக் கீழே புள்ளி. காய்ச்சலுக்குக் கீழே புள்ளி. மூன்றாம் அறை அம்மாளுக்குக் கீழே புள்ளி. அவசரத்தில் வைத்தவை இல்லை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பழகியபடியே இருந்தன. அவரே யோசித்து எழுதிய வாக்கியங்களை அவள் தொடவில்லை. தன்னுடையவற்றை மட்டும் எடுத்து, தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள்.

பத்து வாக்கியங்களுக்குப் புள்ளி இருந்தது. ஒன்றுக்கு இல்லை. நீங்கள் இங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்ற வாக்கியம் அது. அதில் அவள் ஹோப் என்று எழுதியிருந்தாள். நடக்கக்கூடியதற்குத்தான் ஹோப், நடக்காததற்கு விஷ் என்று அவர் திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டிருந்தாள்.

அவர் என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். நான் ஸ்டூலை நகர்த்தினேன். உட்காரவில்லை.

“உனக்குத் தெரியுமாம்மா இந்தக் குறி?” என்றார்.

“தெரியும் சார். என் கையில வச்சிருக்கு பிள்ளை.”

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றே ஒரு கடிதம் எழுதினார், தமிழில். மறுநாள் என்னிடம் கொடுத்து, “ஒட்டறதுக்கு முன்னால படிச்சிரு. பிழை பாக்காத. சும்மா படி, அவளுக்குப் புரியுமான்னு சொல்லு” என்றார். நான் பிழை பார்க்க என்ன இருக்கிறது. இருந்தாலும் என் கண்ணுக்கே இரண்டு இடத்தில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. காய்ச்சல் தேவலையா என்று கேட்டிருந்தார். யார் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார். மூன்றாம் அறை அம்மாள் அம்மாவின் சாயலா, இல்லை பேச்சு அப்படியா என்று கேட்டிருந்தார். உனக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொண்டாயா என்று கேட்டிருந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியவை.

“புரியும் சார்” என்றேன்.

ஆறு வாரம் கழித்து அந்த உறை, நான் ஒட்டிய அதே உறை, பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை என்று முத்திரை. இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் நல்ல ஆங்கிலத்தில் பதில் போட்டார்கள்: வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை. அவர் அதைப் படித்து எங்களுக்குச் சொன்னபோது எந்த வினைச்சொல்லையும் விளக்கவில்லை.

அதன் பிறகும் மாதம் ஒரு கடிதம் எழுதினார். பழைய விலாசத்துக்குத்தான். வேறு எது இருக்கிறது. நான் உறை ஒட்டுவேன், தபாலில் போடுவேன், திரும்பி வரும். போன தாள் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவற்றை அவர் மேசைக்கு அடியில், அவள் உட்காருகிற இடத்தில் அடுக்கி வைத்தார்.

புத்தகம் விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பதிப்பு போட வேண்டும் என்றார் முதலாளி. ப்ரூஃப் சார் பதினோரு வாக்கியத்தையும் எடுத்துவிடச் சொன்னார்.

“என்ன சார் நீங்க, அதுக்குத்தானே வாங்குறாங்க. படிச்சா நிஜமா யாரோ சொன்ன மாதிரி இருக்காம்.”

“நிஜமா ஒருத்தி சொன்னதுதான் அது.”

“அப்புறம் என்ன? அப்படியே அச்சடிக்கறேன்.”

ஒற்றிய பக்கங்கள் மேசைக்கு வந்தபோது பதினோரு வாக்கியத்தின் கீழேயும் அவர் புள்ளி வைத்தார். மேலே ‘பிழை’ என்றிருந்த தலைப்பை அடித்தார். மூலையில் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் கையெழுத்தில்லாமல் மெஷின் ஓடியது அந்த ஒரு தடவைதான். முதலாளி வேறொருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மெஷின் அண்ணன் ஓட்டத்தான் ஓட்டினார்.

இரண்டாயிரம் பிரதிக்கான தாள்கள் என் அறைக்கு வந்தன. காய்ச்சல் இருக்கிற தாள் மேலாக இருந்தது. மடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ப்ரூஃப் சார் வந்தார். எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேண்டாம் சார் என்று சொல்ல நினைத்து, மேசையில் அவருக்கு இடம் ஒதுக்கினேன்.

அவர் ஒவ்வொரு தாளையும் எடுத்து, அந்த வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அது உள்பக்கம் போகிற மாதிரி மடித்தார். மடிப்பை மரத்துண்டால் அழுத்தத் தெரியவில்லை, உள்ளங்கையாலேயே தேய்த்தார். உள்ளங்கையில் பழைய சிவப்பு மை இருந்தது. அவர் மடித்தவற்றில் பாதி கோணலாக இருந்தன. விளிம்பு விளிம்போடு சேராமல், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன. யார் மடித்தது கோணினாலும் நான் பிரித்துத் திரும்ப மடித்துவிட்டுத்தான் அடுக்குவேன், அது என் பழக்கம்.

அவர் எழுந்து போன பிறகு அந்தக் கட்டை என் பக்கம் இழுத்தேன். மேலே இருந்த தாளைக் கையில் எடுத்தேன். பிரிக்காமல் அப்படியே அடுக்கினேன்.